மிக்ஸ் செய்ததும் பாட்டு கெட்டுப்போகிறதா? வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனித்தனியாகக் கேட்டால் ஒரு குறையும் இல்லை. குரல் தெளிவாக இருக்கிறது, மிருதங்கம் கணீரென்று கேட்கிறது, வயலினும் சரி. எல்லா ட்ராக்கையும் சேர்த்து ஒரே ஃபைலாக எடுத்ததும் பாட்டு மந்தமாகிவிடுகிறது. இல்லையென்றால் கரகரக்கிறது, அல்லது அடுத்த அறையில் யாரோ பாடுவது போலக் கேட்கிறது. வீட்டில் பதிவு செய்கிற பலருக்கும் வண்டி நிற்பது இந்த இடத்தில்தான். எனக்கும் நின்றது. கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிளக்கின் (ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கருவி) பெயரைச் சொன்னார்களே தவிர, குறை எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னவர்கள் குறைவு. தேடிப் பார்த்தால், முக்கால்வாசிக் குறைகள் காசு செலவில்லாமல் சரியாகிவிடுகின்றன.

ஒரு குரல், சுருதி, வயலின், மிருதங்கம், இரண்டு பின்பாட்டுக் குரல்கள் கொண்ட ஒரு பக்திப் பாட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சினிமாப் பாட்டு கவரோ பாட்காஸ்ட்டோ எதுவானாலும் வழி இதுதான். நான் சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். செலவில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன, மறுபடி பதிவு செய்ய வேண்டியவை பிறகு.

தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுதாக இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான். எந்த எஃபெக்டும் சேர்க்காத மூலப் பதிவுகள் வேவ் ஃபைலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது எம்பி3 அனுப்பியிருந்தால் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் நேரே சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது), பிட் அளவு (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது), பதிந்தவர், எதில் பதிந்தார் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸா, ஃபோனா) என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் பாட்டின் வகையிலேயே நன்றாகப் பதிவான ஒரு பாட்டு வேண்டும். சிடியிலிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது.

மென்பொருள் செலவு என்று பார்த்தால், ஆடாசிட்டி இலவசம். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பர் 60 நாள் வரை இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஒலியின் அளவைக் காட்டும் யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் வாக்ஸெங்கோ ஸ்பானும் போதும். முதல் ஐந்து படிகளையும் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

1. குறை எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒலி கெட வாய்ப்புள்ள இடங்கள் நான்கு: பதிவு, மிக்ஸ், எக்ஸ்போர்ட், கேட்கும் கருவி. இதில் எது என்று தெரியாமல், அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகினால், நன்றாக இருந்ததும் கெடும்.

எக்ஸ்போர்ட் செய்த வேவ் ஃபைலை அதே ப்ராஜெக்டுக்குள் புதிய ட்ராக்காகக் கொண்டுவாருங்கள். தொடக்கம் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். இப்போது ஒரு தடவை மிக்ஸை மட்டும், ஒரு தடவை அந்த ஃபைலை மட்டும் மாறி மாறிக் கேளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில், சத்தத்தின் உச்சங்களை அழுத்தும் லிமிட்டர், கம்ப்ரஸர் போட்டிருந்தால் உள்ளே கொண்டுவந்த ஃபைலும் அதன் வழியாகப் போய் இரண்டாம் முறை அழுத்தப்படும். எனவே அந்த ட்ராக் மாஸ்டரைத் தொடாமல் நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகும்படி அமையுங்கள். முடியாவிட்டால், அதைக் கேட்கும்போது மட்டும் மாஸ்டர் எஃபெக்டுகளை அணைத்துவிடுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் எக்ஸ்போர்ட்டில் தவறில்லை. குறை மிக்ஸிலோ பதிவிலோ இருக்கிறது. 6ஆம் படிக்குப் போகலாம், ஆனால் 2, 3, 4 படிகளை விட்டுவிடாதீர்கள். வேறு மாதிரி கேட்டால் 3, 4, 5 படிகளில் விடை கிடைக்கும்.

காதை நம்ப முடியவில்லை என்றால் இன்னொரு சோதனை. உள்ளே கொண்டுவந்த ஃபைலின் போலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாக்கி, மிக்ஸோடு சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அமைதியாகிவிடும். மிஞ்சிக் கேட்பதுதான் வித்தியாசம். கோரஸ், சில வகை ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போன்றவை ஒவ்வொரு முறையும் சற்று மாறி ஒலிப்பதால் கொஞ்சம் மிச்சம் கேட்கும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். எம்பி3யை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும் என்பதால் பொருந்தவே பொருந்தாது.

ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். 1 டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். மிக்ஸை ஒரு மென்பொருளிலும், ஃபைலை ஃபோனிலும் கேட்டுவிட்டு "கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டுவது ஒப்பீடே ஆகாது.

2. கேட்கும் கருவியைச் சந்தேகப்படுங்கள்

ப்ளூடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்கும்போது ஒரு முறையிலும், அதன் மைக் வேலை செய்யும்போது வேறு முறையிலும் இயங்கும். இரண்டாவது, தொலைபேசிப் பேச்சுக்கான முறை. அதில் ஒலி மோனோவாகி, மேல் ஸ்தாயிகள் வெட்டுப்பட்டு, தகரம் மாதிரி கேட்கும். ரெக்கார்டிங் மென்பொருள் அந்த மைக்கை இன்புட்டாகப் பிடித்துக்கொண்டாலே போதும், நீங்கள் எதையும் பதியாவிட்டாலும் இப்படி மாறிவிடும். மிக்ஸ் வேலைக்கு வயர் வைத்த ஹெட்போன்தான். விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து விண்டோஸ் சவுண்ட் அமைப்புகளில் 'என்ஹான்ஸ்மென்ட்', 'ஸ்பேஷியல் சவுண்ட்' இரண்டையும் அணையுங்கள். லேப்டாப்போடு வரும் ஒலி மெருகு செயலிகளையும் அணையுங்கள். ரெக்கார்டிங் மென்பொருள் இன்டர்ஃபேஸின் ஏஸியோ டிரைவர் (விண்டோஸின் ஒலி அமைப்பைத் தொடாத நேர்வழி) வழியாக ஒலியை அனுப்பும்போது இவை குறுக்கிடாது; சாதாரண ப்ளேயரில் கேட்கும்போது குறுக்கிடும். மிக்ஸ் ஒரு மாதிரியும் ஃபைல் வேறு மாதிரியும் கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ஹெட்போனின் குறையை ஈடுகட்டும் திருத்த பிளக்கினைச் சிலர் மாஸ்டரில் போட்டு வைத்திருப்பார்கள். அது உங்கள் காதுக்கு மட்டுமானது. எக்ஸ்போர்ட் செய்யும்போது அணைக்க மறந்தால் அந்தத் திருத்தமும் பாட்டோடு சேர்ந்து போகும். மற்றவர்கள் கருவியில் பாட்டு கோணலாகக் கேட்கும்.

3. சாம்பிள் ரேட் எல்லா ட்ராக்கிலும் ஒன்றுதானா?

சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்பது வழக்கம். எதில் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், ஆனால் தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது. வயலின் வேறு ஊரிலிருந்து வருகிறது, மிருதங்கம் ஒரு நண்பரின் அறையில் பதிவாகிறது என்றால், முதல் நாளே எல்லாருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள்: "48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ்." இந்த ஒரு வரி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். வீடியோவும் போடப் போகிறீர்கள் என்றால் 48இலேயே தொடங்குங்கள். கராஜ்பேண்ட் மட்டும் 44.1இல்தான் பதியும் என்பதால் அதில் வேலை செய்பவர்கள் மற்றவர்களிடமும் 44.1 கேட்டு வாங்குங்கள்.

தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். 44.1இல் பதிந்த 5 நிமிடப் பாட்டை 48 என்று எண்ணி வாசித்தால் 4 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறும். 1 கட்டைச் சுருதியில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் 2 கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும், எந்தச் சுருதிப் பெட்டியோடும் சேராது. இதற்கு நேர்மாறாக நடந்தால் பாட்டு 5 நிமிடம் 26 வினாடி வரை இழுக்கும், குரலும் தடித்துவிடும். அந்த நிலையில் பிட்ச் பிளக்கினால் சுருதியைப் பிடித்து இழுக்கப் பார்க்காதீர்கள். ஃபைலை அதன் சரியான சாம்பிள் ரேட்டில் திறந்து, மென்பொருள் தரும் உயர்ந்த தரத்தில் மாற்றிச் சேர்த்தால் போதும்.

நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் நடுநடுவே 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றால், இன்டர்ஃபேஸ் ஒரு சாம்பிள் ரேட்டிலும் ப்ராஜெக்ட் இன்னொன்றிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாகவே இருந்தால், ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரின் அளவை 128இலிருந்து 512, 1024 என்று கூட்டுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபர் பெரிதாக இருப்பதால் நஷ்டமில்லை.

4. மாஸ்டரில் சிவப்பு விளக்கு

ஒவ்வொரு ட்ராக்கும் தனியே பச்சையில் இருக்கும். சேர்த்தால் மாஸ்டர் சிவக்கும். ஒரே மாதிரியான இரண்டு ட்ராக்குகள் சேர்ந்தால் 6 டெசிபெல் கூடுகிறது. எட்டு ட்ராக்கும் உச்சத்தில் நின்றால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், இன்றைய மென்பொருள்கள் உள்ளே 32 பிட் ஃப்ளோட் கணக்கில் ஓடுகின்றன. அதனால் 0 டெசிபெல்லைத் தாண்டினாலும் உள்ளுக்குள் ஒலி வெட்டுப்படாது. வெளியே 16 அல்லது 24 பிட் ஃபைலாகப் போகும்போது 0க்கு மேலே இருப்பதெல்லாம் சீவித் தள்ளப்படும். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியிலும் 'பட்' என்று ஒரு வெடிப்பு, குரல் ஏறும் இடங்களில் கரகரப்பு என்று கேட்பது இதுதான்.

மாஸ்டர் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) கீழே இழுப்பது பாதி மருந்து. பல மென்பொருள்களில் மாஸ்டரில் போட்ட எஃபெக்டுகள் ஃபேடருக்கு முன்பாக வேலை செய்கின்றன. ஃபேடரைக் குறைத்தாலும் அவற்றுக்குள் அதே மிகை ஒலிதான் போய்க்கொண்டிருக்கும். எல்லா ட்ராக் ஃபேடர்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, சேர்த்துக் கீழே இறக்குங்கள். மாஸ்டரில் எந்த எஃபெக்டும் இல்லாமல் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லில் நின்றால் நிம்மதி. அதன்பின் லிமிட்டர் போட்டு, உச்ச வரம்பை மைனஸ் 1இல் வையுங்கள். 0இல் வைத்தால் எம்பி3யாக மாறும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறி மறுபடி வெட்டுப்படும்.

பதிவின்போதே வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடுகளின் உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், ஒலியைக் குறைத்தாலும் தட்டை தட்டைதான். சரிசெய்யும் பிளக்கின்கள் இருக்கின்றன, ஓரளவுக்கு மறைக்கும். ஒரு வரியை மறுபடி பாடுவது அதைவிட மலிவு. அடுத்த முறை 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் வாக்கில் நிற்கும்படி பதியுங்கள். "சிவப்பைத் தொடுகிற அளவுக்குப் பதிய வேண்டும்" என்பது டேப் காலத்துப் பழக்கம். 24 பிட்டில் அதற்குத் தேவையே இல்லை.

5. எக்ஸ்போர்ட் பெட்டியை அவசரமாகக் கடக்காதீர்கள்

எல்லாரும் 'ஓகே'யை அழுத்திவிட்டுப் போகும் இடம் இது. பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றையும் படியுங்கள்.

ஃபார்மட் வேவ், சாம்பிள் ரேட் ப்ராஜெக்டில் உள்ளதே, பிட் அளவு 24, சேனல் ஸ்டீரியோ. இது உங்கள் மூலப்பிரதி. மற்ற எல்லாப் பிரதிகளும் இதிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒரு தடவை எம்பி3யாக எடுத்து, அதை வேவ் ஆக்கி, மறுபடி எம்பி3யாக எடுத்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் தாளச் சத்தமும் 'ச', 'ஸ' எழுத்துகளும் நசநசவென்று ஆகும்.

டிதர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) என்ற பெட்டி 16 பிட்டுக்குக் குறைக்கும்போது மட்டும் தேவை, அதுவும் கடைசியாக ஒரே ஒரு தடவை. 'நார்மலைஸ்' என்று இருந்தால் அணையுங்கள். கராஜ்பேண்டில் 'ஆட்டோ நார்மலைஸ்' அமைப்புப் பகுதியில் ஒளிந்திருக்கும். அது எக்ஸ்போர்ட்டில் சத்தத்தை ஏற்றிவிடுவதால்தான் மிக்ஸும் ஃபைலும் வெவ்வேறு அளவில் கேட்கின்றன.

எந்தப் பகுதி எக்ஸ்போர்ட் ஆகிறது என்று பாருங்கள். பாட்டு முடிந்ததும் ரிவெர்ப் அடங்க நாலைந்து வினாடி இடம் விடுங்கள். 'மாஸ்டர் மிக்ஸ்' என்பதற்குப் பதிலாக 'தேர்ந்தெடுத்த ட்ராக்குகள்' என்று இருந்தால் மாஸ்டர் எஃபெக்டுகள் விட்டுப்போகலாம், சில மென்பொருள்களில் ரிவெர்ப் செண்டுகளும் (பல ட்ராக்கின் ஒலியை ஒரே ரிவெர்புக்கு அனுப்பும் வழிகள்) விட்டுப்போகும். "எக்ஸ்போர்ட் செய்தால் பாட்டு வறட்சியாகக் கேட்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். எங்காவது ஒரு சோலோ பொத்தான் (ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிடுவது) அமுங்கியிருக்கிறதா என்பதையும்தான்.

வேகமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது சில பிளக்கின்கள், குறிப்பாகப் பெரிய சாம்பிள் லைப்ரரிகள், ஸ்வரங்களை விட்டுவிடுவதுண்டு. அப்படியானால் நிஜ வேகத்தில் எக்ஸ்போர்ட் செய்யும் தேர்வை எடுங்கள். 5 நிமிடப் பாட்டுக்கு 5 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இடையிடையே ஒரே இடைவெளியில் 'ஷ்ஷ்' என்று இரைச்சலோ வெற்றிடமோ வந்தால், உரிமம் வாங்காத டெமோ பிளக்கின் ஏதாவது உள்ளே இருக்கும். பல நிறுவனங்கள் டெமோவில் வேண்டுமென்றே அப்படி வைக்கின்றன.

சரியாக வந்திருக்கிறதா என்பதை ஃபைல் அளவிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். 5 நிமிட ஸ்டீரியோ பாட்டு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் என்றால் சுமார் 86 எம்பி. 44.1, 16 பிட் என்றால் சுமார் 53 எம்பி. 320 கிலோபிட் எம்பி3 12 எம்பி, 128 கிலோபிட் 5 எம்பிக்குள். உங்கள் 'வேவ்' பாதி அளவுதான் இருக்கிறது என்றால் அது மோனோவாக வந்திருக்கலாம்.

6. இரைச்சல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது

ஒரு ட்ராக்கில் மின்விசிறிச் சத்தம் லேசாகத்தான் கேட்கும். அதே அறையில் தனித்தனியாக எட்டு ட்ராக் பதிந்திருந்தால், சேர்க்கும்போது அந்த இரைச்சல் சுமார் 9 டெசிபெல் ஏறும். யாரும் பாடாத இடங்களிலும் ஏறியே நிற்கும். கம்ப்ரஸர் போட்டால் இன்னும் மேலே வரும். "தனியாகக் கேட்டால் சுத்தமாக இருந்ததே" என்பதன் கணக்கு இதுதான்.

முதல் வேலை, ஒவ்வொரு ட்ராக்கிலும் பாட்டு இல்லாத இடங்களை வெட்டி, இரு முனையிலும் சிறு ஃபேட் கொடுப்பது. இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் சலிப்பான வேலைதான், ஆனால் எந்த பிளக்கினும் இந்த அளவுக்கு உதவாது. குரலில் மூச்சை மொத்தமாக வெட்டாதீர்கள். பாட்டுக்கு உயிர் போய்விடும்.

தொடர்ந்து 'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்டால் அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் ஸ்பானில் கூரிய முனைகள் தெரியும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் சார்ஜரும் பிளக் பாயிண்டும்தான் காரணம். எர்த் உள்ள பாயிண்டில், இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகச் சொல்லும் யோசனை யார் சொன்னாலும் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து.

ஆடாசிட்டியில் இருக்கும் இரைச்சல் நீக்கி உதவும், அளவோடு பயன்படுத்தினால். இரைச்சல் மட்டும் இருக்கும் சில வினாடிகளைக் காட்டி அதை அடையாளம் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால் பதிவு செய்யும்போதே பாடத் தொடங்கும் முன் 10 வினாடி எல்லாரும் சும்மா இருங்கள். 6 முதல் 10 டெசிபெல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளக்கும்.

மறுபடி பதிவு செய்வதென்றால் விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வேர்த்துக்கொட்டும்தான். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் தெருச் சத்தமும் குறையும்.

7. சேர்த்தால் குரல் மெலிகிறதா? ஃபேஸைப் பாருங்கள்

ஒரே ஒலியை இரண்டு மைக்கில் பிடித்திருந்தால், தூரமான மைக்குக்கு ஒலி தாமதமாகப் போகும். 34 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். அந்த இரண்டையும் சம அளவில் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500இல் இன்னொன்று என்று வரிசையாக விழும். இதுதான் ஃபேஸ் கோளாறு. தனித்தனியே இரண்டும் நன்றாக இருக்கும், சேர்த்தால் கனம் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்), வலந்தலை (மறுபக்கம்) இரண்டுக்கும் தனி மைக் வைப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். தொப்பியின் கும்கி (கும்மென்ற அடி ஒலி) காணாமல் போனால் ஒரு மைக்கின் போலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பாருங்கள். கனம் திரும்பினால் அப்படியே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு ட்ராக்கைச் சில மில்லிசெகண்ட் நகர்த்திப் பாருங்கள்.

எளிய சோதனை: மாஸ்டரை மோனோவாக்கிக் கேளுங்கள். குரலோ வயலினோ சட்டென்று பின்னால் போனால் ஃபேஸ் கோளாறு நிச்சயம். குரலை நகல் எடுத்து, சிறிது நகர்த்தி, இடமும் வலமும் வைத்து 'அகலமாக்கும்' வித்தை பல வீடியோக்களில் சொல்லப்படுகிறது. ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோனிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அதே குரல் தேய்ந்துபோகும். பக்திப் பாட்டு எங்கே அதிகம் ஒலிக்கும் என்று யோசித்து முடிவெடுங்கள்.

8. மந்தம்: சுருதியும் ரிவெர்பும் செய்யும் வேலை

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு போர்வைக்குள் இருப்பதாகத் தோன்றினால், முதலில் சுருதி ட்ராக்கை மியூட் செய்யுங்கள். தம்பூரா இடைவிடாமல் ஒலிக்கும் வாத்தியம். அதன் ஒலி கீழ் ஸ்தாயியிலிருந்து மேல்வரை பரவி, குரல் நிற்க வேண்டிய இடத்தையும் நிரப்பிவிடும். மியூட் செய்ததும் பாட்டு தெளிந்தால் விஷயம் புரிந்துவிட்டது. குரல் நிற்கும்போதுதான் சுருதி தெரிய வேண்டும் என்ற அளவுக்கு இறக்கி, 300 ஹெர்ட்ஸைச் சுற்றி 3, 4 டெசிபெல் குறையுங்கள். ஃபோன் செயலியின் சுருதியை ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் பிடிக்காதீர்கள். நேராக வயரில் எடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு ட்ராக்கிலும் தேவையில்லாத அடி ஒலியை வெட்டுவது. எங்கே வெட்டலாம் என்பதைச் சுருதியே சொல்லும். 5 கட்டையில் பாடும் பெண்குரலுக்கு ஆதார ஸட்ஜம் ('ஸ') 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் (அதற்குக் கீழே வரும் 'ப') 147. அதற்குக் கீழே பாடவில்லை என்றால் 100க்குக் கீழ் தயங்காமல் வெட்டலாம். 1 கட்டை ஆண்குரலுக்கு மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அங்கே 80ஐத் தாண்டி வெட்டினால் குரலின் கனம் போகும். மிருதங்கத்தை இந்த வெட்டிலிருந்து விட்டுவிடுங்கள், அல்லது 40, 50 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள்.

ரிவெர்ப் ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ரிவெர்பை செண்டில் வைத்து, எல்லா ட்ராக்கையும் வேண்டிய அளவு அதற்கு அனுப்புங்கள். அந்த ரிவெர்பிலேயே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுங்கள். சரியான அளவு எது என்று தெரியாவிட்டால், ரிவெர்ப் தெரிகிற அளவுக்கு ஏற்றி, பின் தெரியாமல் போகும் வரை இறக்கி, அங்கிருந்து ஒரு பொட்டு ஏற்றுங்கள்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் பாடியதன் எதிரொலி குரலுக்குள்ளேயே பதிந்துவிட்டால் அதை எடுப்பது கடினம். பிளக்கின் வாங்கும் காசுக்கு முன்னால், பாடுபவருக்குப் பின்னாலும் இரு பக்கமும் மெத்தை, ஜமக்காளம், தடித்த போர்வை எதையாவது தொங்கவிட்டு மறுபடி பாடிப் பாருங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலை). செலவு அநேகமாகப் பூஜ்யம்.

9. சத்தத்தை எவ்வளவு ஏற்றலாம்?

ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குப் பாட்டுகளைச் சமன்செய்கிறது. யூடியூப்பும் சத்தமான பாட்டைக் குறைக்கும், ஆனால் சத்தம் குறைவான பாட்டை ஏற்றாது. நீங்கள் லிமிட்டரைப் பிழிந்து மைனஸ் 8க்கு ஏற்றினால், அவர்கள் இறக்கிவிடுவார்கள். மிருதங்கத்தின் துடிப்பு நசுங்கியது மட்டும் மிஞ்சும். மைனஸ் 14 ஒட்டி, உச்சம் மைனஸ் 1. இந்த வகைப் பாட்டுக்கு அது தாராளம்.

அன்றே முடித்துவிடாதீர்கள். ஒரு இரவு விட்டு, காலையில் குறைந்த சத்தத்தில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். எடுத்து வைத்த மாதிரிப் பாட்டையும் அதே கருவியில், அதே சத்தத்தில் பக்கத்திலேயே போட்டுக் கேளுங்கள்.

10. இன்னும் சரியாகவில்லை என்றால், வெளியில் கொடுப்பது

மிக்ஸை ஒரு ஸ்டுடியோவிலோ தனி இன்ஜினியரிடமோ கொடுப்பதில் தப்பில்லை. கட்டணம் சிலர் மணிக்கணக்கில் வாங்குவார்கள், சிலர் பாட்டுக்கு இவ்வளவு என்பார்கள். ட்ராக்குகள் ஒழுங்காக இல்லாவிட்டால் மணிக்கணக்கில் கொடுப்பவருக்குத்தான் நஷ்டம். வெட்டி ஒட்டும் நேரத்துக்கும் காசு ஓடும். பேசும்போதே இவற்றைக் கேட்டு, வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை ட்ராக் வரை இந்தக் கட்டணம், எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள், மாஸ்டரிங் இதில் சேர்த்தியா, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் கையில் கிடைக்கும்.

நீங்கள் கொடுக்க வேண்டியவை:

- ஒவ்வொரு ட்ராக்கும் தனி வேவ், 24 பிட். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். மிருதங்கம் 40ஆவது வினாடியில்தான் நுழைகிறது என்றாலும் ஃபைல் பூஜ்யத்திலிருந்தே இருக்கட்டும்.
- மாஸ்டர் எஃபெக்டுகள் இல்லாமல். ட்ராக் எஃபெக்டுகளும் இல்லாமல். ஏதாவது எஃபெக்ட் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு பிரதியும் கொடுங்கள்.
- ஃபைல் பெயரில் ஒழுங்கு: '01 குரல்', '02 பின்பாட்டு 1' என்று. 'ஆடியோ 17 புதுசு ஃபைனல்' வேண்டாம்.
- உங்கள் கையால் செய்த சுமாரான மிக்ஸ் ஒன்று. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அது சொல்லும்.
- ஒரு தாள்: சுருதி எத்தனை கட்டை, தாளம், வேகம், சாம்பிள் ரேட், மாதிரிப் பாட்டு எது.

5 நிமிடப் பாட்டின் மோனோ ட்ராக் ஒன்று 48, 24 பிட்டில் 43 எம்பி. 12 ட்ராக் என்றால் அரை ஜிபிக்கு மேல். ஜிப் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அவசரத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். குரலைக் கேட்டுப் பார்க்க வாய்ஸ் நோட்டாக அனுப்பி, அதை வைத்து ஒலித்தரத்தைத் தீர்மானிப்பது வீண்.

திரும்பி வரும்போது 24 பிட் வேவ் மாஸ்டர், 320 கிலோபிட் எம்பி3, குரல் இல்லாத கரோக்கே பிரதி, வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் பிரதி ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். கரோக்கே பிரதியை ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ப்ராஜெக்டைத் திறக்கத் தனிக் கட்டணம் சொல்லலாம், அல்லது ஃபைலே அழிந்திருக்கலாம். கோயில் திருவிழாவுக்கோ மார்கழிக்கோ வெளியிடப் போகிறீர்கள் என்றால், இந்தத் திருத்தங்களுக்கும் தளங்களில் ஏற்றும் நேரத்துக்கும் சேர்த்து ஒரு மாதம் முன்பே ட்ராக்குகளைக் கொடுத்துவிடுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், வந்த வேவ் ஃபைலை முதல் படியில் சொன்னபடி வயர் ஹெட்போனில் ஒரு முறை முழுதாக, கடைசி வினாடி வரை கேட்டுவிடுங்கள்.